கண்டெடுத்தவை

பத்து, ஒன்பது, எட்டு என்று
திரை தானே எண்ணிக்கொண்டு வந்தது.
ஏதாவது ஒரு விசையைத் தொட்டால் நின்றுவிடுமாம்.
ஒரு கையில் தேநீர், மறு கையில் ரொட்டி.
மூன்று. இரண்டு.
பழுது பார்ப்பது நல்ல காரியம்தானே,
பார்த்துக்கொள்ளட்டும் என்று
மென்றுகொண்டிருந்தேன்.

நாரின் நகரப் பதிவு அலுவலகம், இரண்டாம் ஜன்னல்.
கணினியின் விலாவில் செருகியபடியே விட்டிருந்த
நகமளவு அட்டைக்குள்
நூற்றுப் பதினான்கு முகங்கள்.

சொன்-கோல் ஏரிக்கு மேலே, கோடை மேய்ச்சலில்,
கூடாரத்தின் வெளிப்பக்கம் வெள்ளைத் துப்பட்டி கட்டி
நான்கு நாள் எடுத்தவை.
அடையாள அட்டைக்கு.
தொப்பி கூடாது. சிரிப்பு கூடாது.
இரண்டு காதும் தெரிய வேண்டும்.

ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கோட்டு.
தாலாய்பெக்கின் கல்யாணக் கோட்டு
தோள் மாறித் தோள் ஏறி
அன்று முழுக்க உட்கார்ந்து எழுந்தது.
ஒல்லியானவர்களுக்கு முதுகில் துணிக் கிளிப்.
குபானிச் போட்டபோது அக்குளில் தையல் விட்டது;
படத்தில் தெரியாது, விடுங்கள் என்றேன்.

பிழைகள் சரிசெய்யப்பட்டன என்றது திரை.
படங்கள் இருந்த கோப்புறையைக் காணோம்.
அந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.
அதன் பெயர்: கண்டெடுத்தவை.
உள்ளே ஆயிரத்து முந்நூறு துண்டு,
எல்லாம் ஒரே எடை,
பெயர் இருந்த இடத்தில் எண்.

தொலைத்தவனே வாசலில்
கண்டெடுத்தவன் என்று பலகை மாட்டிக்கொண்டால்
யாரிடம் போய்ப் புகார் எழுதுவது?

மூன்று இரவு தோண்டியதில் ஒன்றே ஒன்று திறந்தது.
ஒரு நெற்றி.
வகிடு. இரண்டு புருவம்.
அதற்குக் கீழே சாம்பல்,
காயாத சிமெண்டுத் தரை மாதிரி,
படத்தின் அடிவிளிம்பு வரை.
சூராகான் என்றாள் மேரிம்.
இல்லை, அவள் தங்கை என்றார் ஓட்டுநர் ஷெர்போத்தோ.
ஆண்பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

திங்களன்று மறுபடி ஏறினோம்.
வளைவுகள் முடிகிறவரை ஷெர்போத்தோ பேசவில்லை.
பிறகு கேட்டார்:
தேநீர் நன்றாக இருந்ததா?

மேலே யாரும் திட்டவில்லை.
குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள்.
கோட்டு இல்லை;
அதைப் போட்டுக்கொண்டுதான் தாலாய்பெக்
கம்பளி விற்கக் கீழே போயிருந்தான்.
ஆகவே அவரவர் சட்டையில் அவரவர்.

சூராகான் மட்டும் வரமாட்டேன் என்றாள்.
"நிமிரச் சொன்னாய், நிமிர்ந்தேன்.
ஒரு தடவைதான் அப்படி முடியும்."

எர்மெக் பதினாறு வயதுக்காரன்.
குதிரை உதைத்து வீங்கியிருந்த இடது கண்
இப்போது வற்றிவிட்டது.
அந்தக் கண்ணோடுதான் அட்டை வேண்டுமென்று
அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.
வாழ்நாளெல்லாம் காவலர்களிடம் அதைக் காட்டுவதாக
அவனுக்கு ஒரு திட்டம் இருந்திருக்கிறது.

பட்டியலில் அறுபத்திரண்டு, அசானாலி.
பெயரைக் கூப்பிட்டதும் துப்பட்டிப் பக்கம் பார்த்தார்கள்,
பிறகு என்னை.
போன வியாழக்கிழமை.
நெஞ்சு.

அவர் மனைவி மாட்டுச் சாணம் பட்ட கையைத்
துடைத்தபடி வந்தாள்.
கல்லறைக் கல்லில் முகம் செதுக்கத்
தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லையாம்,
எல்லாவற்றிலும் யாராவது தோளில் கை போட்டிருக்கிறார்களாம்.
"நீ எடுத்தது இருக்குமே."

கைப்பேசியில் அந்த நெற்றியைக் காட்டினேன்.
வேறென்ன காட்டுவது.
வெயிலுக்கு மறைத்து, விலக்கி, கிட்டே வைத்து,
வெகுநேரம் பார்த்தாள்.

"அவர் இல்லை" என்றாள்.
பிறகு விரலால் மூலையைத் தொட்டு,
"துப்பட்டி எங்களுடையது.
இந்தக் கறை நான் வைத்தது."

அவளையும் உட்காரவைத்து எடுத்தேன்,
எண் அறுபத்து மூன்று.
காதுகளைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பட்டியலில் இரண்டே கட்டம்:
எடுத்தது, எடுக்காதது.
அறுபத்திரண்டுக்கு நேரே
ஜூலை மாதமே போட்ட சரி ஒன்று இருந்தது.
அடிக்கப் பேனாவைத் திறந்து,
மூடி,
வண்டியில் ஏறினேன்.
ஷெர்போத்தோ ரொட்டியைப் பிட்டு நீட்டினார்.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.